பூஜ்யம் இரண்டு வகை

(முன்னாள் மாணவர் சந்திப்பின் பிற்பகல் அமர்வில் ஆற்றிய உரை. மலருக்காகச் சிறிது சுருக்கப்பட்டுள்ளது.)



சாப்பாட்டுக்குப் பிறகு முதல் பேச்சு என்னுடையது. பாயசம் நன்றாக இருந்தது என்பது இங்கே பல பேர் கண்ணிலேயே தெரிகிறது. சங்கச் செயலாளர் அண்ணன் போனில் கூப்பிட்டு, "தம்பி, இருபது நிமிஷம். டெக்னிக்கலா இருக்கணும், ஆனா ஃபார்முலா வேணாம். வீட்டுக்காரங்க எல்லாம் வர்றாங்க" என்றார். ரொம்ப யோசித்து ஒரு சின்னப் பொருளை எடுத்துக்கொண்டேன். மல்டிமீட்டர். வீட்டில் இருந்த பழைய மீட்டர் போய்விட்டது, புதிதாக ஒன்று வாங்கவேண்டும். எதைப் பார்த்து வாங்குவது? இவ்வளவுதான் தலைப்பு.

"இதுக்கு ஒரு பேச்சா?" என்று என் மனைவியே கேட்டாள். ஏன் பேச்சு என்பதைக் கொஞ்ச நேரத்தில் சொல்கிறேன்.

முதலில் இந்தப் பொருளின் பூர்வீகம் இரண்டே வரியில். இங்கிலாந்தின் தபால் துறையில் டொனால்ட் மெக்கடீ என்ற பொறியாளர் இருந்தார். தொலைபேசிக் கம்பிகளைச் சோதிக்க ஆம்பியருக்கு ஒன்று, வோல்ட்டுக்கு ஒன்று, ஓமுக்கு ஒன்று என்று பல கருவிகளைச் சுமந்து சுமந்து அலுத்துப்போய், மூன்றையும் ஒரே பெட்டிக்குள் அடக்கினார். 1923ல் அது 'ஏவோ மீட்டர்' என்று விற்பனைக்கு வந்தது. ஆம்பியர், வோல்ட், ஓம் என்ற மூன்றின் முதல் எழுத்துதான் அந்தப் பெயர். அந்தக் குடும்பத்தின் எட்டாம் மாடல் 2008 வரை தயாரிக்கப்பட்டது.

நம் மின் ஆய்வகத்தில் இருந்தவையும் முள் மீட்டர்கள்தான். அவற்றின் முள்ளை வளைத்த பெருமை எங்கள் செட்டுக்கு நிறைய உண்டு. லேப் அண்ணன், நாங்கள் எல்லோரும் அப்படித்தான் கூப்பிடுவோம், தலையில் அடித்துக்கொள்வார். "டேய், முதல்ல பெரிய ரேஞ்சுல வைங்கடா, அப்புறம் இறக்குங்கடா" என்பார். அவரிடம் இன்னொரு பழக்கம் உண்டு. எந்த மெஷினில் கை வைப்பதற்கு முன்னாலும் மீட்டரின் இரண்டு முனைகளையும் மேஜைப் பக்கத்து பிளக்கில் வைத்துப் பார்ப்பார். 230 காட்டும். பிறகு மெஷினைப் பார்ப்பார். பூஜ்யம் காட்டும். பிறகு திரும்பவும் பிளக்கில் வைப்பார். 230 காட்டும். அதற்குப் பிறகுதான் கை வைப்பார். நாங்கள் பின்னால் நின்று, "அண்ணன் சாமிக்குச் சூடம் காட்டறாருடா" என்று சிரிப்போம். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

நான் 2009ல் இங்கிருந்து வெளியே போனவன். இறுதியாண்டு புராஜெக்ட்டுக்காக, 2008ல், சென்னை ரிச்சி தெருவில் ஒரு மஞ்சள் நிற டிஜிட்டல் மீட்டர் வாங்கினேன். இருநூறு ரூபாய்க்கும் குறைவு. கம்பெனிப் பெயரே கிடையாது. முகப்பில் மட்டும் 'ஆயிரம் வோல்ட்' என்று கம்பீரமாக அச்சடித்திருந்தது. அதை வைத்து புராஜெக்ட் முடித்தேன், வேலைக்குப் போனேன், ஓசூரில் தொழிற்சாலைப் பராமரிப்பில் பெரிய பெரிய மீட்டர்களைக் கையாண்டேன். ஆனால் திண்டுக்கல் பக்கம் எங்கள் ஊர் வீட்டு அலமாரியில் அந்த மஞ்சள் மீட்டர்தான் பதினோரு வருஷம் இருந்தது. சென்டிமென்ட்.

2019 தீபாவளிக்கு ஊருக்குப் போயிருந்தேன். நல்ல மழை. மறுநாள் காலை போர் மோட்டார் ஓடவில்லை. ஒற்றை ஃபேஸ், ஒரு குதிரைத் திறன். அப்பா ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர். "இன்ஜினியர் வீட்ல இருக்கறப்ப எலக்ட்ரீஷியன் எதுக்கு?" என்றார். எனக்கும் ஒரு கெத்து. மஞ்சள் மீட்டரை எடுத்துக்கொண்டு போனேன்.

சுவிட்சை ஆஃப் செய்தேன். மோட்டார் ஸ்டார்ட்டர் பெட்டியைத் திறந்தேன். பெட்டியின் முகப்பில் இருந்த வோல்ட்மீட்டர் முள் பூஜ்யத்தில் படுத்திருந்தது. என் மீட்டரை ஃபேஸுக்கும் நியூட்ரலுக்கும் நடுவே வைத்தேன். பூஜ்யம். இரண்டாவதாக ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே வைத்தேன். அதுவும் பூஜ்யம். பாருங்கள், நான் அலட்சியமாகச் செய்யவில்லை, இரண்டு முறை பார்த்தேன். "கரண்ட் இல்லப்பா, அந்த ஒயரைக் கொஞ்சம் ஒதுக்கிப் பிடிங்க" என்று சொல்லிவிட்டு ஸ்க்ரூ டிரைவரை எடுக்கக் குனிந்தேன்.

அப்பா வெறுங்காலோடு ஈரத் தரையில் நின்றிருந்தார். தொட்டார். ஒரு சத்தம். நான் நிமிர்ந்தபோது அவர் இரண்டடி தள்ளிக் கீழே கிடந்தார்.

கடவுள் புண்ணியம், கை விடுபட்டு விழுந்ததால் பிழைத்தார். விழுந்ததில் மணிக்கட்டு எலும்பு முறிந்தது. விரலில் ஒரு தீப்புண். ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியெல்லாம் அவர் என்னைத் திட்டவே இல்லை. ஒரே ஒரு கேள்விதான் கேட்டார். "ஏப்பா, அது பூஜ்யம்னு காட்டுச்சுல்ல?"

அந்தக் கேள்விக்கு அன்றைக்கு என்னிடம் பதில் இல்லை. பிறகு உட்கார்ந்து ஆராய்ந்தேன். வந்த பதிலைத்தான் இன்று உங்கள் முன் வைக்கிறேன்.

நடந்தது இரண்டு தவறுகள். முதல் தவறு வயரிங்கில். யாரோ எந்தக் காலத்திலோ சுவிட்சை ஃபேஸில் போடாமல் நியூட்ரலில் போட்டிருந்தார்கள். சுவிட்சை ஆஃப் செய்தால் நியூட்ரல்தான் அறுபடும், ஃபேஸ் உயிரோடு உள்ளே வந்து நிற்கும். பெட்டி முகப்பில் இருக்கும் வோல்ட்மீட்டரின் சுருள் வழியாக, அறுந்த நியூட்ரல் முனைக்கும் அதே 230 வந்துவிடும். இரண்டு முனையும் ஒரே மட்டத்தில் நின்றால் நடுவே வித்தியாசம் ஏது? ஆகவே நான் பார்த்த முதல் பூஜ்யம் மெய்யான பூஜ்யம். மீட்டர் பொய் சொல்லவில்லை, நான் கேட்ட கேள்விக்குச் சரியான பதிலைத்தான் சொன்னது.

ஆனால் எர்த்தோடு பார்த்தபோது 230 காட்டியிருக்க வேண்டுமே? அங்கேதான் இரண்டாவது தவறு. மீட்டரின் கறுப்பு லீட் ஒயர் பிடியை ஒட்டிய இடத்தில் உள்ளுக்குள் அறுந்திருந்தது. வெளியே ரப்பர் முழுசாக இருந்தது. வளைத்தால் தொடும், நிமிர்த்தினால் விடும். இந்த பூஜ்யம் பொய்.

மெய்யான பூஜ்யமும் பொய்யான பூஜ்யமும் திரையில் ஒரே மாதிரிதான் தெரியும். மீட்டரின் மற்ற எந்த எண் தப்பாக இருந்தாலும் வேலைதான் கெடும். பூஜ்யம் தப்பாக இருந்தால் ஆள் போய்விடுவார். எனவே புது மீட்டர் வாங்கும்போது நான் எனக்கு வைத்துக்கொண்ட கேள்வி ஒன்றே ஒன்று. இதன் பூஜ்யத்தை நம்பி அப்பா கை வைக்கலாமா?

இந்தக் கேள்வியோடு கடைக்குப் போனால் பார்க்கவேண்டியவை தானாக வரிசைக்கு வந்துவிடும்.

முதலாவது, லீட் ஒயர். எல்லோரும் மீட்டரைப் பார்த்து வாங்குகிறோம், ஒயர் இலவச இணைப்பு மாதிரி. ஆனால் முதலில் சாவது ஒயர்தான். கையில் சுற்றிப் பாருங்கள். சிலிகான் உறையாக இருந்தால் நூல் போல மடியும், சாலிடர் இரும்பு பட்டாலும் உருகாது. நல்ல ஒயரில் இரண்டு அடுக்கு உறை இருக்கும், உள்ளே வேறு நிறம். வெளி உறை தேய்ந்தால் உள் நிறம் தெரிந்து எச்சரிக்கும். பிடியில் விரல் வழுக்காமல் தடுப்பு வேண்டும். டி.பி. பாக்ஸில் வைக்கும்போது உலோக முனை 4 மில்லிமீட்டருக்கு மேல் வெளியே தெரியக்கூடாது, அதற்கு ஒரு மூடி கொடுப்பார்கள். அதைத் தூக்கி எறியாதீர்கள். வீட்டில் மாதம் ஒருமுறை மீட்டரை ஓமில் வைத்து இரண்டு முனையையும் சேர்த்து, ஒயரைப் பிடி அருகே ஆட்டிப் பாருங்கள். அரை ஓமுக்குள் அசையாமல் நிற்கவேண்டும். எண் குதித்தால் ஒயரை வெட்டிக் குப்பையில் போடுங்கள். ஒட்டுப் போடாதீர்கள்.

இரண்டாவது, முகப்பில் இருக்கும் வகை எண். சி.ஏ.டி. என்று மூன்று ஆங்கில எழுத்தும் பக்கத்தில் ரோமன் எண்ணும் போட்டிருக்கும். 'கேட்' என்று படிப்பார்கள். ஐ.இ.சி. 61010 என்ற உலகத் தர விதியில் வருவது இது. பிளக்கில் சொருகும் சாமான்களுக்கு இரண்டாம் வகை. டி.பி. பாக்ஸ், சுவருக்குள் ஓடும் வயரிங், மோட்டார் பெட்டி இவற்றுக்கு மூன்றாம் வகை. கம்பத்திலிருந்து வரும் சர்வீஸ் ஒயர், ஈ.பி. மீட்டர் இவற்றுக்கு நான்காம் வகை.

வீட்டில் 230 வோல்ட்தானே, உச்சத்தில் பார்த்தாலும் 325தானே, இதற்கு எதற்கு இவ்வளவு? இடி இடிக்கும்போதும், பெரிய மோட்டார்கள் நிற்கும்போதும், மைக்ரோ செகண்டு கணக்கில் சில ஆயிரம் வோல்ட் கம்பியில் வந்து போகும். அந்த நேரத்தில் மீட்டருக்குள் இரண்டு செம்புத் தடங்களுக்கு இடையே ஒரு பொறி பாய்ந்தால், அந்தப் பொறியைப் பிடித்துக்கொண்டு மெயின் கரண்ட் முழுவதும் பின்னாலேயே வந்துவிடும். மீட்டர் கையிலேயே வெடிக்கும். மூன்றாம் வகை 600 வோல்ட் மீட்டரை 6000 வோல்ட் அதிர்வு கொடுத்துச் சோதிக்கிறார்கள்.

இதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. இரண்டாம் வகை 1000 வோல்ட், மூன்றாம் வகை 600 வோல்ட், எது பலசாலி? ஆயிரம்தான் பெரிது என்று கை நீளும். இரண்டுக்கும் சோதனை அதிர்வு 6000 வோல்ட்தான். ஆனால் இரண்டாம் வகைக்கு அதை 12 ஓம் தடை வழியாகக் கொடுக்கிறார்கள், மூன்றாம் வகைக்கு 2 ஓம் வழியாக. கணக்குப் போட்டுப் பாருங்கள், 500 ஆம்பியர் எங்கே, 3000 ஆம்பியர் எங்கே! ஃபார்முலா வேண்டாம் என்று சொன்ன செயலாளர் அண்ணன் மன்னிக்கவேண்டும். வீட்டுக்கு மூன்றாம் வகை 600 வோல்ட், அதற்குக் குறைந்து வேண்டாம். அதோடு யு.எல்., சி.எஸ்.ஏ., டி.யு.வி. போன்ற வெளி ஆய்வகத்தின் முத்திரை இருக்கிறதா என்று பாருங்கள். என் மஞ்சள் மீட்டரில் போட்டிருந்த ஆயிரத்துக்கு யாரும் சாட்சி இல்லை. அச்சகத்தார் மட்டும்தான் சாட்சி.

மூன்றாவது, பியூஸ். மலிவு மீட்டர்களில் 10 ஆம்பியர் துளைக்குப் பக்கத்திலேயே 'பியூஸ் இல்லை' என்று பொடி எழுத்தில் போட்டிருப்பார்கள். அந்தத் துளைக்குள் இருப்பது ஒரு தடிமனான கம்பித் துண்டு. மோட்டார் கரண்ட் பார்த்துவிட்டு, ஒயரைப் பழைய துளைக்கு மாற்ற மறந்து, பிளக்கில் வோல்ட் பார்க்க வைத்தால்? கம்பியை வளைத்து நேராக பிளக்கில் சொருகியது மாதிரிதான். இந்தத் தவறைச் செய்யாத எலக்ட்ரிக்கல்காரர் இந்த மண்டபத்தில் இருந்தால் கை தூக்குங்கள். ஒருவரும் இல்லை பாருங்கள்!

கண்ணாடிக் குழாய் பியூஸ் இருந்தாலும் போதாது. கம்பி உருகிய பிறகும் உள்ளே உலோக ஆவியில் தீப்பொறி தொடர்ந்து எரியும், கண்ணாடி சிதறும். நல்ல மீட்டரில் பீங்கான் குழாய்க்குள் மணல் நிரப்பிய பியூஸ் இருக்கும். பொறி பாய்ந்தால் மணல் உருகி அதன் சூட்டைக் குடித்து அணைத்துவிடும். அதன் மேல் 600 அல்லது 1000 வோல்ட் என்று போட்டிருக்கும். அது போனால் அதே பியூஸைத்தான் வாங்கிப் போடவேண்டும். விலை அதிகம் என்று கண்ணாடி பியூஸையோ, சிகரெட் அட்டைத் தாளையோ வைத்தால், நீங்கள் கொடுத்த அத்தனை காசும் வீண்.

வீட்டுக்கு இன்னும் நல்ல வழி ஒன்று உண்டு. கரண்ட் அளக்கும் துளையே இல்லாத மீட்டரை வாங்கிவிடுங்கள். ஃப்ளூக் 101 போன்ற சின்ன மீட்டர்கள் அந்த ரகம். வோல்ட், ஓம், பீப் சத்தம் எல்லாம் உண்டு, ஆம்பியர் கிடையாது. மறந்து தப்பான துளையில் சொருகவே முடியாது. மோட்டார் கரண்ட் பார்க்கவேண்டுமா, ஒயரைக் கவ்விப் பார்க்கும் கிளாம்ப் மீட்டர் தனியாக ஒன்று வைத்துக்கொள்ளுங்கள். நாசிக்கில் ரிஷப், மோட்வானே, மும்பைப் பக்கம் மெக்கோ என்று நம் நாட்டிலேயே பேர் சொல்லும் மீட்டர்காரர்கள் இருக்கிறார்கள். நான் யாருக்கும் ஏஜெண்ட் இல்லை. பெயரைப் பார்க்காதீர்கள், முகப்பில் இருக்கும் வகையையும் முத்திரையையும் பாருங்கள். ரசீதோடு வாங்குங்கள். பேர் பெற்ற மீட்டருக்குப் போலியும் உண்டு.

நான்காவது, பேட்டரி. பழைய ரக மீட்டர்களில் 9 வோல்ட் சதுர பேட்டரி. அது தீர்ந்துகொண்டே வரும்போது மீட்டர் சும்மா நின்றுவிடாது. உள்ளே ஒப்பிடும் அளவே சரிவதால், வோல்ட்டைக் கூட்டிக் காட்ட ஆரம்பிக்கும். "என்னடா வீட்டுக்கு 270 வருது" என்று ஈ.பி. ஆபீசோடு சண்டைக்குப் போய்விடுவோம். கடுகு டப்பா பக்கத்திலேயே கிடக்கும் பென்சில் செல்லில் ஓடும் மீட்டராக இருந்தால் ஊர் மளிகைக் கடையிலேயே கிடைக்கும். பல மாதம் தொடமாட்டோம் என்றால் செல்லைக் கழற்றி வையுங்கள். கசிந்த செல் கொன்ற மீட்டர்கள் கீழே விழுந்து செத்த மீட்டர்களைவிடக் குறைவு என்று நான் நினைக்கவில்லை.

ஐந்தாவது, சில சௌகரியங்கள். ரேஞ்சைத் தானே மாற்றிக்கொள்ளும் மீட்டர் வீட்டுக்கு நல்லது. முதியவர் கண்ணுக்குப் பெரிய எண், இருட்டில் பார்க்க விளக்கு. 'ட்ரூ ஆர்.எம்.எஸ்.' என்று போட்டிருந்தால் இன்வர்ட்டர் வீட்டுக்கு உபயோகம். சாதா மீட்டர் எல்லா அலையையும் சைன் அலை என்றே நினைத்துக்கொள்ளும். சதுர அலை இன்வர்ட்டர் 220 கொடுத்தால் அது 244 என்று காட்டும். இன்னொன்று, சுவருக்குள் உயிருள்ள ஒயரோடு சேர்ந்து ஓடும் வெறும் ஒயர்கூட டிஜிட்டல் மீட்டரில் 50, 60 வோல்ட் என்று ஆவி காட்டும். குறைந்த தடையில் அளக்கும் வசதி சில மீட்டர்களில் உண்டு, அதில் வைத்தால் ஆவி ஓடிவிடும். இவை இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் உயிருக்கு ஆபத்தில்லை. திரையில் எத்தனை இலக்கம், போனோடு பேசுமா என்பதற்கெல்லாம் காசு கொடுக்கவேண்டாம். ஒயருக்கும் பியூஸுக்கும் கொடுங்கள்.

இத்தனையும் பார்த்து வாங்கினால் சில நூறில் முடிந்தது சில ஆயிரமாகும். ஆகட்டும். ஒரு மணிக்கட்டுக்கு ஆஸ்பத்திரியில் கட்டிய ரூபாயில் நான் நல்ல மீட்டர்கள் நிறைய வாங்கியிருக்கலாம்.

இப்போது ஒரு உண்மையையும் ஒப்புக்கொள்ள வேண்டும். அன்றைக்கு என் சட்டைப் பையில் ஒரு சாதாரண நியான் டெஸ்டர் இருந்திருந்தால், இரண்டு முனையிலும் எரிந்து காட்டியிருக்கும். அதனால் டெஸ்டரே போதுமா? போதாது. அதன் பல்பு செத்திருந்தாலும், வெயிலில் கண்ணுக்குத் தெரியாவிட்டாலும், காலில் தடித்த ரப்பர் செருப்பு இருந்தாலும் அதுவும் பூஜ்யம் சொல்லும். எவ்வளவு விலை கொடுத்த மீட்டரானாலும் ஒருநாள் ஒயர் அறும், ஒருநாள் செல் தீரும். பொய்யான பூஜ்யம் வராத மீட்டர் உலகத்தில் கிடையாது. திடமான மீட்டர் வாங்கினால் அது அடிக்கடி வராது, வந்தாலும் கையில் வெடிக்காது. அவ்வளவுதான் காசால் வாங்கமுடியும். மீதியைப் பழக்கம்தான் செய்யவேண்டும்.

அந்தப் பழக்கம்தான், நாங்கள் சூடம் காட்டுகிறார் என்று சிரித்தோமே, அது. உயிருள்ள பிளக்கில் ஒருமுறை. தொடப்போகும் இடத்தில் ஃபேஸ் - நியூட்ரல், ஃபேஸ் - எர்த், நியூட்ரல் - எர்த் என்று மூன்று முறை. திரும்பவும் அதே பிளக்கில் ஒருமுறை. முன்னாலும் பின்னாலும் 230 காட்டிய மீட்டர் நடுவில் காட்டிய பூஜ்யத்தைத்தான் நம்பலாம். மொத்தம் ஒரு நிமிஷம்கூட ஆகாது. அதோடு வீட்டில் 30 மில்லி ஆம்பியரில் விழும் ஆர்.சி.சி.பி. ஒன்று போட்டுவிடுங்கள். எங்கள் வீட்டில் 2019க்கு முன் அது இல்லை. இப்போது இருக்கிறது. அந்தச் சுவிட்சும் ஃபேஸுக்கு மாற்றப்பட்டுவிட்டது.

இந்தப் பாடத்தை எனக்கு எந்தப் புத்தகமும் சொல்லித்தரவில்லை. இதே கல்லூரியில், ஆய்வகத்தில், நாலு வருஷம் கண் முன்னால் ஒருவர் தினமும் செய்து காட்டினார். பரீட்சையில் வராது என்பதால் நான் எழுதிக்கொள்ளவில்லை. அந்த லேப் அண்ணன் ஓய்வுபெற்றுவிட்டார். இன்று அழைப்பை ஏற்று வந்து மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறார். அண்ணே, அன்னைக்குச் சிரிச்சதுக்கு மன்னிச்சிடுங்க.

எங்கள் 2009 செட் சார்பில் மின் ஆய்வகத்துக்குப் பத்து மீட்டர்கள் தருகிறோம். எல்லாம் மூன்றாம் வகை, பீங்கான் பியூஸ். அவற்றை லேப் அண்ணன் கையால் முதல்வர் ஐயாவிடம் கொடுக்கவேண்டும் என்பது எங்கள் ஆசை. தம்பி தங்கைகளுக்கு ஒரு வேண்டுகோள், இதில் வளைக்க முள் இல்லை.

அப்பாவுக்கு இப்போது எழுபத்திரண்டு வயது. மணிக்கட்டு மழைக்காலத்தில் கொஞ்சம் வலிக்கும். போன பொங்கலுக்குப் போனபோது சமையலறையில் மிக்ஸி பிளக் சரியில்லை என்று அம்மா சொன்னார். நான் எழுந்திருப்பதற்குள் அப்பா புது மீட்டரை எடுத்துக்கொண்டு போய்விட்டார். பின்னாலேயே போய்ப் பார்த்தேன். முதலில் கூடத்து பிளக்கில் வைத்தார். 231. சமையலறை பிளக்கில் வைத்தார். பூஜ்யம். திரும்பிக் கூடத்துக்கு நடந்தார்.

"எங்கப்பா போறீங்க?" என்றேன்.

"இருப்பா, அது உயிரோட இருக்கான்னு கேட்டுட்டு வர்றேன்" என்றார்.